மருந்தைக் கொண்டு வந்தோம், சாப்பாட்டை எங்கே விட்டோம்?

குளிர் தொடங்கியதும் எமது கடைகளில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் திப்பிலியும் முன்வரிசைக்கு வந்துவிடும். இலண்டன், பரிஸ், ரொறன்ரோ, சூரிச் என்று எந்த நகரமானாலும் கபசுரக் குடிநீர்த் தூளும் சீந்தில் குளிசையும் காசு கட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதே வாரங்களில் வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் சுற்றும். இந்த மூலிகை நுரையீரலைக் காக்கும், குடலைச் சுத்தப்படுத்தினால் எந்த வைரஸும் அண்டாது, வைத்தியர்கள் இதைச் சொல்லமாட்டார்கள் என்று அவை போகும்.

கொவிட் பெருந்தொற்று முடிந்துவிட்டாலும் அந்த வைரஸ் போய்விடவில்லை. இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி. எனப்படும் சுவாசத் தொற்று வைரஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து இப்போது அதுவும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. இதற்கிடையில் 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, பாரம்பரிய மருத்துவத்துக்கான 2025 முதல் 2034 வரையான உபாயத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. உலகமே எங்கள் வைத்தியத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தத் திட்டம் முதலில் கேட்பதே ஆதாரத்தைத்தான். பாரம்பரிய மருந்துகளை ஆராயுங்கள், அவற்றின் பாதுகாப்பை உறுதிசெய்யுங்கள், அதன் பிறகு சுகாதார சேவையில் இணையுங்கள் என்பதே அதன் சாரம்.

எனவே நாம் கேட்கவேண்டியவை இரண்டு. மூலிகை, குடல், சளிக்காய்ச்சல் ஆகிய மூன்றுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? உண்டென்றால், அது நாம் தேடுகின்ற இடத்தில்தான் இருக்கிறதா?

பெருந்தொற்று வைத்த பரீட்சை

2020இல் பல நாடுகள் தமது மூலிகைகளை நம்பிக் களம் இறங்கின. இலங்கையில் அந்த ஆண்டு டிசெம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதை நாம் மறக்கவில்லை. 'தம்மிக்க பாணி' என்று பெயர் பெற்ற அதை அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. மடகஸ்காரில் சனாதிபதி அன்ட்ரி ரஜோலினா 2020 ஏப்ரலில் ஆர்ட்டிமீசியா என்ற செடியிலிருந்து செய்த பானத்தை அறிமுகப்படுத்தி, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் செய்தார். யூலையில் அந்நாட்டுத் தலைநகரம் மீண்டும் முடக்கப்பட்டது. இந்தியாவில் 2020 யூனில் பதஞ்சலி நிறுவனம் 'கொரோனில்' என்பதைக் கொவிட்டுக்கு மருந்தென்று அறிவித்தபோது, அதன் விளம்பரத்தை நிறுத்துமாறு ஆயுஷ் அமைச்சே சொல்லவேண்டி வந்தது.

தாய்லாந்தின் கதை சற்று வேறுபட்டது. அங்கே பயன்படுத்தப்பட்டது எமக்கு நன்கு தெரிந்த நிலவேம்பு. இலேசான தொற்றுள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க அரசு அனுமதித்தது, சிறைக்கைதிகளுக்கும் வழங்கப்பட்டது. நிலவேம்பு நியூமோனியாவைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வறிக்கையும் இணையத்தில் வெளிவந்தது. 2021இல் அதை எழுதியவர்களே மீளப்பெற்றார்கள். காரணம், புள்ளிவிவரக் கணக்கில் பிழை. சரியாகக் கணக்கிட்டபோது, கிடைத்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றாகிவிட்டது. கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. பிழையைக் கண்டதும் மறைக்காமல் கணக்கை மீளப்பெற்றது நேர்மை. ஆனால் முதல் செய்தி போன தூரம் இரண்டாவது செய்தி போகவில்லை.

இன்னொரு பரீட்சை எமது உணர்வுக்கு மிக நெருக்கமானது. கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு நஞ்சு என்பதை ஊரில் சிறுபிள்ளையும் அறியும். அதிலுள்ள நஞ்சுகளில் முக்கியமானது கொல்சிசின். தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் இந்தச் செடியை விதைக்காகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த விதையிலிருந்து கொல்சிசின் பிரித்தெடுக்கப்படுகிறது. மிகச் சிறிய அளவில் அது கவுட் எனப்படும் மூட்டு வியாதிக்கு நல்ல மருந்து. அழற்சியைக் குறைப்பதால் கொவிட்டுக்கும் உதவலாம் என்று எண்ணி, பிரித்தானியாவின் 'ரிக்கவரி' ஆய்வில் வைத்தியசாலையில் இருந்த 11,340 நோயாளர்களில் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கொல்சிசின், மற்றப் பாதிக்கு வழமையான சிகிச்சை மட்டும். 28 நாட்களில் இரு பக்கத்திலும் இறந்தவர்கள் 21 வீதம். எந்த வித்தியாசமும் இல்லை.

அதே ஆய்வு 2020 யூனில் வேறொரு முடிவையும் தந்தது. டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. மலிவானது என்பதால் பெரிய கம்பனிகள் மூலிகையை மறைக்கின்றன என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். சில காசு பெறுமதியான குளிசை, ஒழுங்காகச் சோதிக்கப்பட்டதால் சில மாதங்களில் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. சோதனையில் தேறியதா என்பதே அங்கே கேட்கப்பட்டது. செடியா இரசாயனமா என்று யாரும் பார்க்கவில்லை.

அப்படியென்றால் மூலிகை பொய்யா?

இல்லை. மடகஸ்காரில் கொவிட்டுக்குக் கொடுத்த அதே ஆர்ட்டிமீசியாவிலிருந்துதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் வந்தது. சீன விஞ்ஞானி து யூயூ 4ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி அதைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழைய நூல் வழி காட்டியது. பரிசோதனை அதை மருந்தாக்கியது. ஒரு நோய்க்குத் தேறிய செடி இன்னொரு நோய்க்கும் தேறவேண்டும் என்பதில்லை.

தடிமனுக்கும் இருமலுக்கும் வந்தால், மேற்கத்தைய மருத்துவம் எமது அடுக்களைக்கு அத்தனை தூரமில்லை. சாதாரண இருமலுக்குத் தேன் எடுக்கலாம் என்று பிரித்தானியாவின் 'நைஸ்' வழிகாட்டி 2019இலேயே சொல்லிவிட்டது. சூடான கொத்தமல்லித் தண்ணீர் தொண்டையை இதமாக்கும், உடலில் நீர் வற்றாமல் பார்க்கும். வேர்க்கொம்பு குமட்டலைத் தணிக்கும். காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒருவர் அடுப்படியில் நின்று அவித்துக் கொடுக்கும் அந்தக் கோப்பையின் ஆறுதலும் சிறிதல்ல. இவையெல்லாம் வரவுப் பக்கத்தில் எழுதவேண்டியவை. ஆனால் ஆறுதல் தருவது வேறு. வைரஸைத் தடுப்பதோ கொல்வதோ வேறு. இரண்டாவதற்கு இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை.

குடலும் நுரையீரலும்

இப்போது குடலுக்கு வருவோம். குடல் நலத்துக்கும் சுவாச நோய்க்கும் தொடர்பு உண்டென்பது வட்ஸ்அப் கற்பனை அல்ல. அது இன்று முக்கியமான ஆய்வுத்துறை.

எமது பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. கீரை, பயறு, தவிட்டரிசி, கிழங்கு ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்தை எம்மால் சமிக்க முடியாது. அந்தப் பற்றீரியாக்களால் முடியும். அவை நாரை நொதிக்கவைத்துச் சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவை இரத்தத்தில் கலந்து, எலும்பு மச்சையில் நோய் எதிர்ப்புக் கலங்கள் உருவாகும் விதத்தையே மாற்றுகின்றன. சுவிற்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து அதிகமாகக் கொடுக்கப்பட்ட எலிகள் இன்புளுவென்சாவைச் சிறப்பாகத் தாங்கின. அவற்றின் நுரையீரலில் அழற்சி கட்டுக்குள் இருந்தது. வைரஸ் தொற்றிய கலங்களை அழிக்கும் படையும் பலமாக இருந்தது. இது எலிகளில் கண்டது. மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று முடிவுகட்டக் கூடாது.

மனிதரில் கிடைத்த தடயங்களும் உண்டு. அமெரிக்காவில் 2019இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இன்புளுவென்சாத் தடுப்பூசிக்கு முன் சிலருக்குக் கடுமையான அன்ரிபயோட்டிக் கொடுத்துக் குடல் பற்றீரியாக்களைக் குறைத்தார்கள். அந்த வைரஸுக்கு எதிராக முன்பே போதிய எதிர்ப்பு இல்லாதவர்களில் தடுப்பூசியின் பலன் குறைந்தது. இதில் எமக்கு நேரடியான பாடம் உண்டு. தடிமனுக்கும் அன்ரிபயோட்டிக் தரவில்லை என்று குடும்ப வைத்தியரில் கோபிப்பதும், ஊருக்குப் போய் வரும்போது அமொக்சிசிலின் கொண்டுவந்து அலுமாரியில் வைப்பதும் எம்மவரிடையே இருக்கிறது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல படையைத்தான் கலைக்கும்.

சரி, கசாயம் இந்தக் குடலில் என்ன செய்கிறது? மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்குமினை விழுங்கினால் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது அந்த அளவு பல மடங்கு கூடியதைக் காட்டினார்கள். மஞ்சளும் மிளகும் சேர்ந்த எமது சமையலுக்கு இது பெருமைதான். ஆனால் இரத்தத்தில் சேர்வதும் நோயைத் தடுப்பதும் ஒன்றல்ல. குடல் பற்றீரியாவுக்குத் தினமும் இரை வேண்டும். காய்ச்சல் வந்தபின் வடிகட்டிக் குடிக்கும் ஒரு கோப்பைத் தண்ணீரில் அந்த நார் இல்லை. அது சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

அகதிகளின் குடல் சொன்ன கதை

2018இல் வெளியான இன்னோர் ஆய்வு எம்மைப் போன்றவர்களைப் பற்றியது. தாய்லாந்தில் வாழும், அங்கிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஹ்மொங், கரேன் இனப் பெண்களின் குடல் பற்றீரியாக்களை ஆராய்ந்தார்கள். மொத்தம் ஐந்நூறுக்கு மேற்பட்டோர். கரேன் மக்களில் பெரும்பாலானோர் போரால் விரட்டப்பட்டு அகதி முகாம்களில் வாழ்ந்து வந்தவர்கள். அமெரிக்கா வந்து ஓராண்டுக்குள்ளேயே அவர்களின் குடலிலிருந்த பற்றீரியா வகைகள் மாறத் தொடங்கின. ஆண்டுகள் செல்லச்செல்ல வகைகள் குறைந்தன. தாவர நாரை உடைக்கும் ஆற்றலும் குறைந்தது. அங்கே பிறந்த அடுத்த தலைமுறையில் இழப்பு இன்னும் கூடியது.

எமது சமூகத்தில் இப்படியோர் ஆய்வு நடந்ததாக நாம் அறியோம். ஆனால் எமது சாப்பாட்டை நாமே பார்க்கலாம். ஊரில் சிவப்பரிசி, குரக்கன், ஒடியல், மரவள்ளி, முருங்கையிலை, வல்லாரை, பயறு, கௌபி. காலையில் தயிரும் வெங்காயமும் சேர்த்த பழஞ்சோறு. வறுமையின் சாப்பாடு என்று நாம் நினைத்த பலவற்றில் குடல் பற்றீரியாவுக்கான விருந்து இருந்தது. இங்கே வெள்ளைச் சோறு, கோதுமை மாப் புட்டு, பாண், நேரமில்லாத நாளில் பொரித்த கோழி. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. அதே கோப்பை அவித்த கடலையில் ஏறக்குறைய 12 கிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் தேவை என்பது பிரித்தானியாவின் பரிந்துரை.

இது யாருடைய குற்றமும் அல்ல. இரவு வேலை, இரண்டு வேலை, தொழிற்சாலையில் பதினைந்து நிமிட இடைவேளை, கீரைக் கட்டின் விலை, பிள்ளைகளின் விருப்பம் என்று எல்லாம் சேர்ந்து அந்தத் தட்டை மாற்றின. கசாயப் பொதியை விமானத்தில் கொண்டுவருவது இலகு. ஒரு வாழ்க்கை முறையை அப்படிக் கொண்டுவர முடியவில்லை. எனவே நாம் மருந்தைக் கொண்டுவந்து, அந்த மருந்துக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டை விட்டுவிட்டோம். இப்போது குடல் நலம் என்ற பெயரில் குளிசையாகவும் தூளாகவும் அதையே விலை கொடுத்து வாங்குகிறோம்.

சொல்லாமல் குடிப்பதன் விலை

செலவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலைப் பலரும் குடித்தார்கள். 2020இன் கடைசி மாதங்களில் மும்பையில் ஆறு நோயாளர்களுக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகியது. பின்னர் இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 43 பேரை அறிக்கையிட்டன. ஆயுஷ் அமைச்சு இந்தத் தொடர்பை மறுத்தது. ஆனாலும் ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களும், உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் வகை நோய் உள்ளவர்களும் இதைப் புறக்கணிக்க முடியாது. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று.

எமது வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்களில் நீரிழிவும் பிறஷரும் இதய நோயும் பரவலாக உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மஞ்சள் குளிசை இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டலாம். நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் இதுபற்றி எச்சரித்தது. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பிறஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பைப்பரின் குளிசை குர்குமினை மட்டுமல்ல, வலிப்புக்கு எடுக்கும் பெனிற்றோயின் போன்ற மருந்துகளையும் இரத்தத்தில் கூட்டும். பனங்கட்டியோ தேனோ சேர்த்த கசாயம் சீனி வருத்தக்காரருக்குச் சீனிதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுவைப்பது ஆபத்து. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். ஆவி பிடிப்பதிலும் கவனம் வேண்டும். 2020 வசந்தத்தில் பேர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலையில், கொதிநீரில் ஆவி பிடிக்கப்போய் எரிகாயம் பட்ட பிள்ளைகளின் தொகை வழமையைவிடப் பல மடங்கு கூடியது.

சமையலில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு, செறிவாக்கிய குளிசை வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கறிக்குப் போடுவதைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை.

இதில் சட்டமும் எம்மை முழுதாகக் காப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, ஒரு பாரம்பரிய மூலிகை மருந்தைப் பதிய 30 வருடப் பயன்பாட்டுக்குச் சான்று வேண்டும். அதில் 15 வருடம் ஒன்றியத்துக்குள் இருக்கவேண்டும். ஆயிரம் வருடம் ஊரில் குடித்தோம் என்றால் போதாது. அதனால் எமது மூலிகைகளில் பல மருந்தாகப் பதியப்படாமல் உணவுப்பொருளாகவே விற்பனையாகின்றன. எந்த மருந்தோடு சேர்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை அந்தப் பொதியில் இராது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. அவை எமது கடைகளைப் போன்ற கடைகள்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மௌனம். வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டால் எமது பெரியவர்கள் இல்லை என்பார்கள். கசாயம் அவர்களுக்கு மருந்தல்ல, வீட்டுச் சாமான். மொழிபெயர்க்கப் போகும் பேரப்பிள்ளைக்குச் சீந்திலின் ஆங்கிலப் பெயரோ பிரெஞ்சுப் பெயரோ தெரியாது. வைத்தியர் சிரிப்பார் என்ற கூச்சமும் உண்டு. ஈரல் பரிசோதனை முடிவு குழம்பினால், காரணம் தெரியாத வைத்தியர் வேறு எங்கோ தேடுவார்.

இந்தக் குளிர்காலத்தில்

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பெரியவர்கள் எடுக்கும் மூலிகைப் பொதிகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வைத்தியரிடமும் மருந்தகத்திலும் காட்டுங்கள். தாவரவியல் பெயர் பொதியில் இருந்தால் அவர்களுக்கு அதுவே போதும். கனடாவில் என்.பி.என். என்ற எட்டு இலக்க எண், பிரித்தானியாவில் ரி.எச்.ஆர். எண் ஆகியவை பொதியில் உண்டா என்று பாருங்கள். அவை பதியப்பட்டதையும் தரத்தையும் காட்டுபவை. நோயைத் தீர்க்கும் என்ற உத்தரவாதம் அல்ல.

தடுப்பூசியைக் கசாயத்துக்கு எதிரியாக நிறுத்தாதீர்கள். இன்புளுவென்சா, கொவிட் தடுப்பூசிகளோடு, இங்கிலாந்தில் 2024 செப்டெம்பரிலிருந்து 75 முதல் 79 வயதுவரையானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும் இலவசமாகத் தொடங்கியது. உங்கள் நாட்டில் எந்த வயதினருக்கு உண்டென்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு நொந்தால், பேச்சு தடுமாறினால் அடுப்பை மூட்டாமல் அவசர இலக்கத்தை அழையுங்கள்.

எமது சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டுக்கொரு நாளாவது தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவரை அழைக்கலாம். இன்று அந்தத் தொழிலில் எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் தமது குளிசைப் பையையும் மூலிகைப் பையையும் ஒன்றாகக் கொண்டுவரட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாகச் சாப்பாடு. நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் வெள்ளையரிசிக்குப் பதில் தவிட்டரிசி, கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி குரக்கன் மா, ஒரு கறி கடலையோ கௌபியோ, தட்டில் ஒரு கீரை, பக்கத்தில் தயிர். நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். இது வைரஸைத் தடுக்கும் என்று நாம் உறுதி தரவில்லை. ஆனால் நீரிழிவுக்கும் இதயத்துக்கும் மலச்சிக்கலுக்கும் இதனால் நன்மை என்பதற்குப் போதிய சான்று உண்டு. அந்த நோய்கள் கட்டுக்குள் இருப்பவர் சளிக்காய்ச்சலையும் நன்றாகத் தாங்குவார். தடிமன் வந்தால் கொத்தமல்லித் தண்ணீரும் குடிக்கலாம். அதை வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடிப்போம்.